பலகை பின்னர் ஆகட்டும்

சங்கப் புலவருள் ஔவையார் வண்டியை நன்கு அறிந்தவர் என்று எண்ண இடமுண்டு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் பொகுட்டெழினியைப் புகழ வந்தவர், உப்பு வணிகர் தம் வண்டியின் அடியிலே பிணித்துக்கொண்டு செல்லும் சேம அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார். வழியில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. ஏற்றிய பாரமோ பெரிது. எங்கே என்ன நேருமென்று முன்கூட்டி அறிந்தவர் இல்லை. ஆகவே பூட்டிய அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு மற்றோர் அச்சு வேண்டும். வகுப்பறையில் இப்பாட்டை உவமைநயத்துக்காகப் படிப்பிக்கிறோம். நான் இப்பொழுது வண்டிநயத்துக்காகவே அதைப் படிக்க விரும்புகிறேன்.

வள்ளுவரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். வலியறிதல் என்னும் அதிகாரத்தில், மயிலிறகே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு இற்றுவிடும் என்று எச்சரிக்கிறார். பகையரசரின் வலிமையைக் கணக்கிடச் சொன்ன உவமைதான். ஆயினும் பாரத்தையும் அச்சையும் சேர்த்தே எண்ணவேண்டும் என்ற தச்சனுடைய அறிவு அதற்குள் பொதிந்து கிடக்கிறது. ஆனால் இவ்விருவரும் பேசாத மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. ஓடும் வண்டி நிற்கவும் வேண்டுமன்றோ? அச்சு என்பதற்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல் நம்மிடம் இருக்கிறது. பிறேக் என்பதற்கோ கராஜில் வேலை செய்கிறவன் வாயில் வழங்கும் தமிழ்ச்சொல் ஒன்றேனும் இல்லை. கலைச்சொல் அகராதிக்காரர்கள் எதையாவது ஆக்கி வைத்திருப்பார்கள். அவன் அதைக் கேட்டால் சிரிப்பான். சொல் இல்லாமற் போனதில் எனக்குப் பெரிய துயரம் இல்லை. அப்பொருளைப் பற்றிய சிந்தனையும் இல்லாமற் போய்விட்டதே என்பதுதான் என் கவலை. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வாழ்வோருக்கு அது பொறுக்கக்கூடிய குறையன்று.

இதை இன்று எழுதக் காரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் இந்நாட்டில் ஓடிய வண்டிகள் யாவும் பழைய வண்டிகளே. பழையதைப் புதுக்குவதே ஒரு தொழிலாகவும் ஒரு மோகமாகவும் வளர்ந்தது. யப்பானிய நான்கு சக்கர உந்துகை வான் வண்டி ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அமைத்து, அதையே நடமாடும் வீடாக்கிக்கொண்டு நக்கிள்ஸ் மலைக்கும் மீமுரேக்கும் போய்வருவது இளையோரிடையே பரவிவருகிறது. இதைப் பழிக்க நான் எழுதுகோலை எடுக்கவில்லை. பிறர் கட்டிய விடுதியில் அடைந்து கிடந்து மலையை யன்னலூடே பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். என் நண்பர் ஒருவரும், அவர் ஓர் ஆசிரியர், அத்தகைய வண்டி ஒன்றை வாங்கினார். கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் அதைக் கொடுத்துவிட்டு, தரைக்குப் போடவேண்டிய பலகையைப் பற்றி என்னிடம் ஒரு வாரமாகப் பேசிக்கொண்டிருந்தார். பலாமரமா, தேக்கா, ஒட்டுப்பலகையா? பலகையின்மேல் விரிப்பு எந்த நிறம்?

கராஜின் பாஸ் ஒரு முஸ்லிம் பெரியவர். நண்பர் கூறியவற்றையெல்லாம் பொறுமையுடன் கேட்டார். பிறகு, "பலகையைப் பிறகு அடிப்போம், சேர். முதல்ல கொஞ்சம் கீழே குனிஞ்சு பாருங்க" என்றார்.

இக்கட்டுரையில் நான் சொல்லவிருப்பது யாவும் அந்த இரண்டு வாக்கியங்களின் விரிவுரையே. அவர் சொன்ன ஒழுங்கு, அதாவது முதலில் பிறேக், அடுத்து அச்சு, கடைசியில் பலகை என்பது, மலைநாட்டின் தரையமைப்பே விதித்த ஒழுங்கு. நம்மவரோ அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கம்பளை 500 மீற்றருக்கும் கீழே. இறம்பொடை வழியாக இறங்குகிறவர் 1,300 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தை ஓரிரு மணி நேரத்தில் இழக்கிறார். உயரம் இழக்கப்படும்பொழுது அதன் சத்தி எங்கே போகிறது? பௌதிகம் படிக்கும் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். மூன்று தொன் நிறையுள்ள வண்டி 1,300 மீற்றர் இறங்கினால் வெளிப்படும் சத்தி, நூறு லீற்றருக்கு மேற்பட்ட பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்றும் ரயரின் உராய்வும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். சிறிய கியரில் இறங்கினால் எஞ்சின் இன்னொரு பங்கை ஏற்கும். மிச்சமெல்லாம் நான்கு சக்கரங்களுக்குள்ளே, உள்ளங்கை அகலமுள்ள சில பட்டைகளில் வெப்பமாக இறங்குகிறது. கொழும்பின் சமதரையில் பிறேக் என்பது எப்பொழுதாவது மிதிக்கும் ஒன்று. இங்கே அது தொடர்ந்து எரியும் அடுப்பு.

அந்த அடுப்பில் இரண்டு கேடுகள் விளைகின்றன. பழைய முறையான டிரம் பிறேக்கில், சூடேறிய டிரம் விரிந்து, உள்ளிருந்து அதை அழுத்தும் பட்டையைவிட்டு விலகிப்போகிறது. மிதியை மேலும் மேலும் அழுத்தவேண்டி வரும். தட்டு பிறேக்கில் இக்குறை இல்லை; தட்டு விரிந்தால் பட்டையை நோக்கியே விரியும், காற்றும் அதன்மேல் நேராகப் படும். இரண்டாவது கேடு இதைவிடக் கள்ளத்தனமானது. பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 என்று குறிக்கப்படும் எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரையில் கொதிக்காது. ஈரம் கலந்தபின் அதற்குரிய அளவு 140 பாகைதான். டொட் 4இல் அவ்வளவுகள் 230உம் 155உம் ஆகும். எண்ணெய் கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிற்கும். ஆவி பஞ்சுபோல் அமுங்கும். மிதி தரைவரைக்கும் போகும், வண்டி நில்லாது. இறக்கத்தின் உச்சியில் நன்றாகப் பிடித்த பிறேக் அடிவாரத்தில் காணாமற் போவதன் இரகசியம் இதுவே. கண்டி போன்ற மழைநாட்டில் இந்த எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றவேண்டும். அதற்கு ஆகும் செலவு, நண்பர் விரும்பிய தரைவிரிப்பின் விலையில் ஒரு சிறு பகுதி. ஆனால் விரிப்பை வந்தவர்கள் பார்ப்பார்கள். எண்ணெயை எவர் பார்ப்பார்?

பெற்றோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறக்குவோரைப் பற்றி என்ன சொல்வது! எஞ்சின் ஏற்கவேண்டிய பங்கையும் பிறேக்கின் தலையிலேயே சுமத்துகிறார்கள். எஞ்சினையும் அணைத்துவிட்டாலோ பிறேக்குக்கு உதவும் வெற்றிடத் துணையும் சில மிதிகளோடு தீர்ந்துபோகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய சாரதிகளின் விதியை, தானாகக் கியர் மாறும் யப்பானிய வான்கள் நம்மவருக்கு மறக்கடித்துவிட்டன. அந்த வண்டிகளிலும் கீழ்க்கியர் உண்டு. கையால் இழுத்துவிட வேண்டும், அவ்வளவே.

இனி, நான்கு சக்கர உந்துகை என்ற பெயரால் விளையும் மயக்கத்துக்கு வருவோம். நான்கு சக்கரமும் இழுப்பதால் இவ்வண்டி எங்கும் போகும் என்று எண்ணுகிறார்கள். ஏறுவதற்கு அது பெருந்துணை. ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை வழியாக மீமுரேக்கு இறங்கும் பாதையில், தாழ்கியரில் எஞ்சினே நான்கு சக்கரங்களையும் பிடித்துக்கொள்ளுமாதலால் இறங்கவும் துணை. ஆனால் பிறேக்கை மிதித்து நிறுத்துவதில் அதற்கு ஒரு சலுகையும் இல்லை. மிகச் சிறிய காருக்கும் நான்கு சக்கரத்திலே பிறேக் உண்டு. உந்துகைக்கான பற்சக்கரங்களும் தண்டுகளும் சேர்ந்து வண்டியின் நிறையைக் கூட்டுவதால், உண்மையில் அதன் சுமை அதிகமே.

இந்நிலையில் அழகுக்காகப் பெரிய ரயர் பூட்டுகிறார்கள். 27 அங்குல விட்டமுள்ள ரயரைக் கழற்றி 31 அங்குல ரயரைப் போட்டால், அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்து விசை நூற்றுக்கு 13 பங்கு குறைந்துபோகும். நெம்புகோலின் நீளம் கூடியதன் பயன் அது. வேகமானியும் உண்மை வேகத்தைக் குறைத்தே காட்டும். அதன்மேல் வில்லை உயர்த்தி உடலைத் தூக்குகிறார்கள். பல வான்களில், பின்னச்சுக்கும் உடலுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கொண்டு சுமையை அறிந்து, பின் பிறேக்குக்குச் செல்லும் அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் விடும் சிறு வால்வு ஒன்று இருக்கிறது. உடலைத் தூக்கிவிட்டால் அந்த வால்வு, வண்டி வெறுமையாக இருக்கிறதென்று நம்பிப் பின்சக்கரங்களுக்குக் குறைவாகக் கொடுக்கும். உள்ளே இருப்பதோ கட்டில், அடுப்பு, நூறு லீற்றர் தண்ணீர், ஐந்து மனிதர். முன்சக்கரங்கள் முழுப் பாரத்தையும் தாங்கி வெந்துபோகும். அந்த வால்வின் கோலைத் திருத்தி அமைக்காமல் வில்லை உயர்த்தும் கராஜ்கள் இருக்கின்றன. உயர்ந்த வண்டியின் தோற்றத்துக்கு வாடிக்கைக்காரர் கொடுக்கும் பணம் கைக்கு வந்துவிடுகிறது. கோலைப் பற்றிக் கேட்பார் இல்லை.

அச்சைப் பற்றி ஔவையாருக்குப் பிறகு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கூறுவேன். பின்னச்சில் இருவகை உண்டு. ஒருவகையில் உள்ளே சுழலும் தண்டு சக்கரத்தைத் திருப்புவதோடு வண்டியின் பாரத்தையும் சுமக்கிறது. அத்தண்டு முறிந்தால் சக்கரமே கழன்று ஓடிவிடக்கூடும். மற்றவகையில் பாரத்தை வெளிக்குழாய் சுமக்க, தண்டு திருப்புவதை மட்டுமே செய்கிறது. முறிந்தாலும் சக்கரம் இருந்த இடத்தில் இருக்கும். மீமுரேப் பாதையில் நெடுங்காலம் உழைத்த பழைய லான்ட் றோவர்களின் பின்னச்சு இந்த இரண்டாம் வகை. அவை இன்றும் மதிக்கப்படுவதற்கு இது ஒரு காரணம். அவற்றின் கைப்பிறேக்கோ சக்கரத்தைப் பிடிப்பதில்லை, கியர்ப்பெட்டிக்குப் பின்னுள்ள தண்டைப் பிடிப்பது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் மற்றதும் உருளத் தொடங்கும். கல்லை அண்டை கொடுக்காமல் சரிவில் அந்த வண்டியை உயர்த்துகிறவன் தன் விதியைச் சோதிப்பவனே. ஆக, குற்றமற்ற வண்டி என்று ஒன்று இல்லை. அதனதன் குணத்தை அறிந்தவன் கையில்தான் அது நன்மை செய்யும்.

பாரமான வண்டியின் அச்சை எடுத்து வானுக்குப் பூட்டுவோரும் உளர். செய்யலாம். ஆனால் முன்னச்சின் பல்விகிதமும் பின்னச்சின் பல்விகிதமும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையேல் நான்கு சக்கரத்தையும் இணைத்த கணமே ஒன்றையொன்று முறுக்கும். புதிய அச்சோடு வந்த பெரிய பிறேக்குக்குப் பழைய மாஸ்ரர் சிலிண்டர் போதிய எண்ணெயைத் தள்ளுகிறதா என்றும் பார்க்கவேண்டும். சக்கரத்தை வெளியே தள்ளிவைக்கத் தடித்த வளையங்கள் போடுவது பெயாரிங்குக்குச் செய்யும் கொடுமை.

இப்பொழுது பலகைக்கு வரலாம். கண்டிக்கு அண்மையில் உள்ள எம்பெக்கே தேவாலயத்தை மாணவர்கள் தூண்களின் சிற்பத்துக்காகச் சென்று பார்ப்பர். நான் அங்கே கூரையைப் பார்க்கச் சொல்வேன். கம்பளை அரசர் காலத்து அந்த மரவேலையில் 26 கைமரங்கள் ஒரே மர ஆணியில் வந்து கூடுகின்றன. பாரம் எங்கிருந்து எங்கே இறங்குகிறதென்பதை அத்தச்சர் அறிந்திருந்தார்கள்; அழகு அதன்மேல் வந்தது. வண்டித் தரைக்கும் விதி அதுவே. முதலில் பழைய விரிப்பைக் கிழித்தெறிந்து தகட்டில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கவேண்டும். துருவின்மேல் பலகை அடித்தால் ஈரம் அடியிலே தங்கி, மேலே மினுங்கும் தரையின் கீழே தகடு பிஸ்கற்றாகிவிடும். கட்டிலையும் ஆசனத்தையும் பிணிக்கும் போல்ட்டுகள் வெறுந்தகட்டில் நில்லாமல் அடிச்சட்டத்தைப் பற்றவேண்டும். துளையிடுமுன் கீழே என்ன ஓடுகிறதென்று பார்க்கவேண்டும். பிறேக் குழாயும் எரிபொருள் குழாயும் அங்கேதான் ஓடுகின்றன. நிறையோ, ஓரங்குலத் தடிப்புள்ள பலாப்பலகை சதுர மீற்றருக்குச் சுமார் 15 கிலோகிராம் வரும். 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை அதில் பாதி. ஐந்து சதுர மீற்றர்த் தரையில் அந்த வேறுபாடு ஒரு சிறுவனின் நிறை. நண்பர் பலாவைக் கைவிட்டார். முகத்தில் சிறிது வாட்டம் இருந்தது. பலாமரத்தின் பொன்னிறத்தை நானும் விரும்புகிறவன்தான்.

இது தனிமனிதர் சிலரின் பொழுதுபோக்கு, இதற்கு ஏன் இத்தனை கவலை என்று வாசகர் வினவலாம். அந்த வண்டி தனி வீதியில் ஓடுவதில்லை. பாடசாலைப் பிள்ளைகள் நடக்கும் வீதியில், தோட்டத் தொழிலாளர் ஏறி இறங்கும் பஸ்ஸின் பின்னால் ஓடுகிறது. மேலும், பலகைக்கு முதலிடம் கொடுக்கும் இதே மனப்பான்மைதான் நம் பஸ்களிலும் காணப்படுவது. லொறிக்கென்று செய்த அடிச்சட்டத்தின்மேல் உடலைக் கட்டி, ஆசனங்களை நெருக்கி, வண்ண விளக்கும் பாட்டுப் பெட்டியும் பூட்டி மலையில் ஓட்டுகிறோம். 2025 மே 11ஆம் நாள் விடியற்காலையில் கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள் இரவு எல்ல–வெல்லவாய வீதியில் 15 பேர் மாண்டனர். விபத்து எதற்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. சாரதியின் களைப்பு, வீதியின் ஓரம், கூட்டம், வண்டியின் நிலை யாவும் சேர்ந்தே ஆளைக் கொல்கின்றன. இவற்றுள் வண்டியின் நிலை ஒன்றுதான் புறப்படுமுன் பட்டறையிலே சரிசெய்யக்கூடியது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி மாவட்டத்து வீதிகள் பல சரிந்தன. வழமையான வீதி அடைபட்டவுடன் வண்டிகள் செங்குத்தான கிளைவழிகளை நாடுவது இயல்பு; அங்கே பிறேக்கின் வேலை இன்னும் கடினம்.

சட்டம் என்ன செய்கிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ், வண்டியின் அமைப்பை மாற்றுகிறவர் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். நடைமுறையில் நிறமும் எஞ்சின் இலக்கமும் பேசப்படுகின்றனவேயன்றி, வண்டி எத்தனை அடியில் நிற்கும் என்பது பேசப்படுவதில்லை. சொந்தப் பாவனைக் காருக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை உண்டு. பிறேக்குக்கு அத்தகைய ஆண்டுப் பரிசோதனை இல்லை. புகை நுரையீரலுக்குக் கேடு என்பதை ஏற்கிறேன். நில்லாத வண்டி எதற்குக் கேடு? 2025 சனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் உள்ள மேலதிக அலங்காரங்களைக் கழற்றப் பொலிசார் முனைந்தபொழுது உரிமையாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தச் சச்சரவில் இருதரப்பாரும் வண்டியின் மேற்புறத்தைப் பற்றியே வாதிட்டதை நான் வியப்புடன் கவனித்தேன். அடியில் குனிந்து பார்த்தவர் எவருமில்லை.

கராஜ்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. நான் அதற்கு உடன்படேன். அந்தப் பெரியவரைப் போன்றோர் புத்தகம் படியாமல், கையாலும் காதாலும் மூக்காலும் கற்றவர்கள். சூடேறிய பட்டையின் நாற்றத்தை வைத்து, எந்தச் சக்கரம் தனியே உழைக்கிறதென்று அவர் சொல்லிவிடுகிறார். ஆனால் அவர் அறிவுக்குச் சான்றிதழ் இல்லை. வாடிக்கைக்காரர் மறுத்துப் பேசினால் அவர் காட்டுவதற்கு ஒரு கடதாசியும் இல்லை. "நீங்க சொல்றது சரி பாஸ், இருந்தாலும் முதல்ல பலகையை முடிச்சுத் தாங்க" என்று சொல்லும் வாடிக்கைக்காரரை அவர் எப்படித் தடுப்பார்?

அவருடைய கராஜிலிருந்து சில மைல் தொலைவில் பேராதனை இருக்கிறது. கொழும்பில் 1950இல் தொடங்கிய பொறியியற் பீடம் 1964இல் அங்கே வந்தது. அறுபது ஆண்டுகளாக அங்கே பிறேக்கின் கணிதம் படிப்பிக்கப்படுகிறது. இங்கே பிறேக் கழற்றிப் பூட்டப்படுகிறது. இடையிலே மகாவலி ஓடுகிறது. நான்கு சக்கரங்களையும் உருளைகளின்மேல் நிறுத்தி, ஒவ்வொன்றும் எவ்வளவு விசையோடு பிடிக்கிறதென்று தனித்தனியே காட்டும் பொறி உலகெங்கும் உள்ளது. அத்தகைய ஒன்றைக் கண்டியில் நிறுவி, மாற்றி அமைத்த வண்டி எதுவாயினும் அதன்மேல் ஏறி இறங்கிய பிறகே பதிவு திருத்தப்படும் என்று விதிக்கலாம். வெறும் வண்டியாக அன்று. தண்ணீர் நிரப்பி, கட்டிலோடும் அடுப்போடும், பயணம் போகும் முழு நிறையோடு. அச்சுவாரியாக நிறுத்த நிறை, நான்கு சக்கரங்களின் பிடி, எண்ணெய் மாற்றிய திகதி ஆகிய இவ்வளவும் ஒரே தாளில் வரட்டும். தாளின் கீழே இரண்டு கையெழுத்து வேண்டும்: ஒன்று பட்டம் பெற்ற பொறியியலாளருடையது, மற்றது வேலையைச் செய்த பாஸினுடையது. கட்டணம் அதிகமாகும் என்பார்கள். பெரிய ரயர் நான்குக்குக் கொடுக்க மனம் உள்ளவர்களிடம் இந்தக் கட்டணத்தைக் கேட்பதில் எனக்குக் கூச்சமில்லை. வருவாய்க்காக வாடகைக்கு ஓடும் மீமுரே ஜீப் சாரதியிடம் மட்டும் அதை வாங்கக்கூடாது. அவருக்கு மாகாண சபையோ உல்லாசப் பயணத்துறையோ கொடுக்கட்டும்.